தினமும் சுத்தம் செய்யப்பட்ட ஏர் ஃபில்டர்: ஓர் எக்ஸ்கவேட்டர் இன்ஜின் தேய்ந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாறையும் மண்ணும் அள்ளி டிப்பரில் ஏற்றும் சைட் அது. மூன்று எக்ஸ்கவேட்டர்கள், இரண்டு வீல் லோடர்கள், ஒரு டோசர் அங்கே ஓடின. இந்த ஆய்வு அவற்றில் ஒரு 22 டன் வகை எக்ஸ்கவேட்டரைப் பற்றியது. ஆறு சிலிண்டர், டர்போ பொருத்திய காமன் ரெயில் டீசல் இன்ஜின், கொள்ளளவு 6 லிட்டர். இரண்டு ஷிப்டு வேலை. பெரும்பாலும் பக்கெட், பெரிய கல் வந்தால் ராக் பிரேக்கர் மாட்டுவார்கள்.

பராமரிப்பு, இன்ஜின் ஓடிய மணிகளைக் காட்டும் ஹவர் மீட்டரை வைத்து நடந்தது. 250 மணிக்கு ஒரு சிறு சர்வீஸ். 500-க்கு இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர்கள். 1,000-க்கு ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டர், ஸ்விங் கியர் ஆயில். 2,000-க்கு ஃபைனல் டிரைவ் ஆயில். எதுவும் தள்ளிப்போனதில்லை. சர்வீஸ் அட்டையை யார் எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, பக்கத்தில் கையெழுத்தும் இருந்தது.

கையேட்டில் இல்லாத ஒரு விதியும் அங்கே இருந்தது. தூசி அதிகம் என்பதால், தினமும் காலை ஷிப்டு தொடங்குமுன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஊதி, மாட்ட வேண்டும். முந்தைய ஃபோர்மேன் காலத்தில் போட்ட விதி; நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அதற்கும் அட்டையில் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கமும் உண்டு. பல சைட்டுகளில் அதுகூடக் கிடையாது. ஆனால் ரிப்போர்ட் வந்ததும் மேலே 'இயல்பு' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் கோத்துவிடுவார்கள்.

முதல் அறிகுறிகள்

ஹவர் மீட்டர் 5,700-ஐத் தாண்டியபோது இரவு ஷிப்டு ஆபரேட்டர் ஒரு புகார் சொன்னார். பூமைத் தூக்கிக்கொண்டே ஸ்விங் செய்தால் இன்ஜின் அமுங்குகிறது, முன்பு இப்படி இல்லை என்றார். பகல் ஆபரேட்டர் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றார். பகலில் அந்த வண்டி சரிவைச் சமன்படுத்தும் வேலையில் இருந்தது. முழு லோடு விழுவது இரவில்தான். எனவே இருவர் சொன்னதும் உண்மையே. சில நாளில் ஹெல்பர் இன்னொன்றைக் கவனித்தார். இன்ஜினின் உள்வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயின் முனையில் ஆயில் சொட்டி, கீழே ஃபிரேமில் தூசியோடு சேர்ந்து சேறாக ஒட்டியிருந்தது. ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்தது.

மெக்கானிக் எளிதானதிலிருந்து தொடங்கினார். வாட்டர் செபரேட்டரைத் திறந்து பார்த்தார், தண்ணீர் இல்லை. டீசல் ஃபில்டர்களை முன்கூட்டியே மாற்றினார், அமுக்கம் போகவில்லை. அப்புறம் கேஜ் மாட்டி ஹைட்ராலிக் மெயின் ரிலீஃப் அழுத்தத்தை, அதாவது அந்த அமைப்பின் உச்ச அழுத்தத்தை, பார்த்தார். கையேட்டில் உள்ளபடி 350 பார் அளவில் நின்றது. பம்ப்பைக் கழற்றலாம் என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. இந்த வரிசை சரியானது. பம்ப்பைப் பிரித்திருந்தால் பல நாள் போயிருக்கும், கிடைத்திருப்பது ஒன்றுமில்லை.

துப்பு கிடைத்தது ஸ்டோரில். ஆயில் வழங்கும் பதிவேடு தேதிவாரியாக இருந்தது, வண்டிவாரியாக இல்லை. இந்த வண்டிக்கு உரிய வரிகளைப் பிரித்து எழுதியபோதுதான், இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையில் ஒரு லிட்டர் டாப்-அப் (குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் ஆயில்) குடித்த இன்ஜின் இப்போது ஏழு லிட்டர் குடிக்கிறது என்று தெரிந்தது. ஆயில் தேங்கும் சம்ப்பின் கொள்ளளவே 25 லிட்டர்தான். அந்த வாரத்திலேயே 5,800 மணி சாம்பிளின் ரிப்போர்ட்டும் வந்தது. இந்த முறை மேலே 'எச்சரிக்கை' என்று இருந்தது.

நான்கு ரிப்போர்ட்டுகள்

ஃபைலில் இருந்த பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லாமே 500 மணி ஓடிய ஆயில், அளவுகள் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

| ஹவர் மீட்டர் | சிலிக்கான் | அலுமினியம் | இரும்பு | குரோமியம் | ஆய்வகக் குறிப்பு |
|---|---|---|---|---|---|
| 4,300 | 8 | 3 | 22 | 1 | இயல்பு |
| 4,800 | 13 | 5 | 36 | 2 | இயல்பு |
| 5,300 | 19 | 8 | 58 | 3 | இயல்பு |
| 5,800 | 31 | 12 | 96 | 6 | எச்சரிக்கை |

முதல் மூன்றும் தனித்தனியாக ஆய்வகத்தின் வரம்புக்குள்தான் இருந்தன. ஆய்வகம் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரும்பு ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 4,800-லேயே கோடு மேல்நோக்கித் திரும்பிவிட்டது. அதைப் பார்க்க முந்தைய தாளைப் பக்கத்தில் வைத்திருந்தால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. டாப்-அப் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் சம்ப்பில் உள்ள உலோகத்தை நீர்க்கச் செய்கிறது. ஏழு லிட்டர் புது ஆயில் சேர்ந்த பிறகும் இரும்பு 96 என்றால், உண்மையான தேய்மானம் அந்த எண் காட்டுவதைவிட அதிகம். சாம்பிள் படிவத்தில் டாப்-அப் அளவு என்ற கட்டம் நான்கு முறையும் காலியாகவே போயிருந்தது.

சிலிக்கான் எங்கிருந்து வந்தது

மெக்கானிக்குக் கேஸ்கெட் பேஸ்ட் மேல் சந்தேகம். சில மாதம் முன்பு ராக்கர் கவரைத் திறந்து சிலிக்கோன் பேஸ்ட் போட்டு மூடியிருந்தார். அந்தப் பேஸ்ட் ஆயிலில் கரைந்தால் சிலிக்கான் ஏறும் என்பது உண்மை. ஆனால் பேஸ்ட்டில் இருந்து வரும் சிலிக்கான் தனியாக ஏறும். அலுமினியம் கூடவே ஏறாது, இரும்பும் அசையாது. அடுத்த ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கியும் விடும். இங்கே நான்கும் கைகோத்து ஏறின. மண்தூசியில் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே உள்ளே போவது தூசி.

தூசி எந்த வழியாகப் போகிறது என்பதையும் அதே தாள் பாதி சொல்லிவிட்டது. அழுக்கு ஜக்கில் ஊற்றிய ஆயில் வழியாகவோ டிப்ஸ்டிக் ஓட்டை வழியாகவோ போயிருந்தால் முதலில் அடிபடுவது பேரிங்குகள். செம்பும் ஈயமும் ஏறியிருக்கும். இவை அமைதியாக இருந்தன: செம்பு 6, ஈயம் 3. ஏறியவை லைனரின் (சிலிண்டரின் உள்சுவர்) இரும்பும் ரிங்குகளின் குரோமியமும். அப்படியானால் தூசி மேலிருந்து, காற்றோடு வருகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறவில்லை என்பதால் கூலண்ட் கசிவும் இல்லை. 100 டிகிரியில் பாகுத்தன்மை 14.1 சென்டிஸ்டோக்ஸ், 15டபிள்யூ-40 ஆயிலுக்கு உரிய 12.5 முதல் 16.3 வரை என்ற எல்லைக்குள்தான் இருந்தது. டீசல் கலப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஒரே சாம்பிளை நம்பி இன்ஜினைத் திறப்பது அவசரம். சாம்பிள் பாட்டில் திறந்து கிடந்தாலே சிலிக்கான் ஏறிவிடும். எனவே மறு சாம்பிள் எடுத்தோம். இன்ஜின் சூடாக இருக்கும்போது, டாப்-அப் ஊற்றுவதற்கு முன், புதுக் குழாய் மாட்டிய கைப்பம்ப்பால் டிப்ஸ்டிக் வழியாக உறிஞ்சி, பாட்டிலை அங்கேயே மூடினோம். புது ஆயிலாக இருந்தும் ஓடிய மணிக்குத் தகுந்தபடி அதே விகிதங்கள்தான் வந்தன.

ஏர் ஃபில்டர் பெட்டியில்

ஃபோர்மேன் முதலில் காட்டியது இண்டிகேட்டரை. உள்ளிழுக்கும் பாதையில் அடைப்பு ஏறினால் சிவப்பு காட்டும் சின்னக் கருவி அது. பெரும்பாலான வண்டிகளில் ஏறக்குறைய 6 கிலோபாஸ்கலில் சிவப்புக்குப் போகும். மாதக்கணக்காகப் பச்சையிலேயே நிற்கிறது என்றார். தினசரி சுத்தத்தின் பலன் என்று அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அதுதான் உறுத்தியது. அவ்வளவு தூசியில், ஒரே எலிமென்ட்டோடு (தூசியைப் பிடிக்கும் தாள் உருளை), அடைப்பே ஏறாமல் ஒரு ஃபில்டர் இருக்கிறது என்றால் காற்று அதன் வழியாக முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். கைப்பம்ப்பால் வெற்றிடம் கொடுத்துப் பார்த்தோம். இண்டிகேட்டர் நல்ல நிலையில்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து வெளி எலிமென்ட்டை உருவி, இருட்டில் உள்ளே விளக்கை விட்டுச் சுற்றினோம். இரண்டு மடிப்புகளின் அடியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதைவிட முக்கியமானது முனையில் இருந்த ரப்பர் சீல். பெட்டியின் கழுத்தில் இறுகப் பிடிக்க வேண்டிய உதடு வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. தினமும் உருவி, தினமும் திணித்ததில் வந்த வெட்டு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு எலிமென்ட் வெளிறிய பழுப்பாக மாறியிருந்தது. அதையும் எப்போதாவது ஊதியிருக்கிறார்கள். அது ஊதக் கூடாத பொருள், மாற்ற வேண்டிய பொருள். ஃபில்டருக்குப் பின்னால், டர்போவுக்குப் போகும் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தோம். அந்தப் பக்கம் துணி வெள்ளையாகவே வர வேண்டும். விரலகலத்துக்குப் பழுப்புக் கோடு வந்தது. டர்போ கம்ப்ரஸர் சக்கரத்தின் இலை விளிம்புகள் கூர்மை போய் மழுங்கியிருந்தன.

ஃபோர்மேன் ஹெல்பரை அழைத்துக் கேட்டார். "தினமும் ஊதித்தான் வைக்கிறேன் அண்ணே. ஊதும்போது தூசி வராத நாளே கிடையாது" என்றார் அவர். எதில் ஊதுகிறார் என்று பார்த்தால், ஜாக்ஹாமருக்கு வைத்திருக்கும் கம்ப்ரஸர். 7 பார் காற்று, அதுவும் முனையை மடிப்பில் ஒட்டவைத்து. கையேடுகள் ஊத அனுமதிக்கும் இடத்தில்கூட ஏறக்குறைய 2 பாருக்கு மேல் போகச் சொல்வதில்லை. தாளில் விழுந்த ஓட்டைகளுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஹெல்பர் சொன்னதைச் செய்தவர். யாரும் அவருக்கு அழுத்தக் கணக்குச் சொல்லித் தரவில்லை.

ஓட்டை இவ்வளவு சிறிது, இது ஒரு இன்ஜினைத் தின்னுமா என்று கேள்வி வந்தது. 6 லிட்டர் இன்ஜின் 2,000 சுற்றில் ஓடினால், டர்போவின் பங்கைக் கணக்கில் எடுக்காமலே, நிமிடத்துக்கு 6,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. மணிக்கு 360 கன மீட்டர். டர்போ சேர்ந்தால் இன்னும் மேலே. பாறைத் தூசி மிதக்கும் காற்றில் சின்னஞ்சிறு பங்கு வடிகட்டாமல் போனாலும், 500 மணிக்குள் அது லைனருக்கு உப்புத்தாள் போட்ட வேலையைச் செய்துவிடும்.

ஓட்டுவதா, நிறுத்துவதா

தூசி வழியை அன்றே அடைத்தோம்: இரண்டு எலிமென்ட்டும் புதிது, குழாய் இணைப்புகளின் கிளாம்ப்கள் புதிது, ஹோஸ்களைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். பிறகு குழாய்க்குள் குறைந்த அழுத்தக் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்ததில் கசிவு இல்லை. ஏற்கெனவே தேய்ந்தது திரும்ப வராது. அது எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி.

முழு லோடில் பிரீதரில் ப்ளோ-பை, அதாவது ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை, அளந்தோம். கையேட்டு வரம்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்ஜெக்டர் துளை வழியாகப் போரோஸ்கோப் (மெல்லிய கேமரா) விட்டுப் பார்த்ததில், இரண்டு சிலிண்டர்களில் லைனரின் மேற்பகுதியில் ஆயில் தங்குவதற்காகப் போட்ட குறுக்கு ஹோனிங் கோடுகள் அழிந்து நெடுங்கீறல்கள் தெரிந்தன. மற்ற நான்கில் கோடுகள் மங்கியிருந்தன, ஆனால் இருந்தன.

மெக்கானிக் உடனே நிறுத்தி ஓவர்ஹால் செய்யச் சொன்னார். வேலைப் பொறுப்பாளர் தரப்பு, ஃபில்டர்தான் மாற்றியாயிற்றே, ஓட்டலாம் என்றது. இரண்டுக்கும் நியாயம் இருந்தது. பேரிங் உலோகங்கள் ஏறாத வரை கிராங்க் பாதுகாப்பாக இருக்கிறது. தூசி நின்றுவிட்டதால் தேய்மானம் மெதுவாகும். உதிரிபாகங்கள் வரவும் காலம் பிடிக்கும். அதே நேரம், லைனரில் பதிந்த துகள்களும் ஆயிலில் சுற்றும் பொடியும் அடுத்துப் பேரிங்கைத்தான் தேடிப் போகும்.

கட்டுப்பாட்டோடு ஓட்டுவது என்று முடிவானது. பிரேக்கர் மாட்டக் கூடாது, ஒரே ஷிப்டு, 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றமும் சாம்பிளும். நிறுத்தும் நிபந்தனைகளையும் அப்போதே எழுதி மூன்று தரப்பும் கையெழுத்திட்டோம்: ஈயம் 10-ஐத் தாண்டினால், அல்லது சூடான ஐடிலில் (லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போது) ஆயில் அழுத்தம் கையேட்டின் கீழ் எல்லையைத் தொட்டால், அல்லது டாப்-அப் இன்னும் ஏறினால், எந்த வேலை நடுவில் இருந்தாலும் வண்டி நிற்கும். இந்தக் கையெழுத்து பிற்பாடு எவ்வளவு உதவியது என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை.

அடுத்த 750 மணி

6,050-ல் வந்த சாம்பிளில் சிலிக்கான் 12, இரும்பு 41. இரும்பு 96-லிருந்து 41-க்கு வந்துவிட்டது என்று சைட்டில் ஒரே மகிழ்ச்சி. அது 500 மணி ஆயில், இது 250 மணி ஆயில். மணிக்கணக்கில் வகுத்தால் 100 மணிக்கு 19 என்பது 16 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தூசி நின்றது உறுதி, தேய்மானம் நிற்கவில்லை.

6,300-ல் சிலிக்கான் 9, இரும்பு 36, ஈயம் 4. 6,550-ல் சிலிக்கான் அதே 9. ஆனால் ஈயம் 13, செம்பு 21. நிபந்தனை தாண்டிவிட்டது. வேலையில் திட்டமிட்டிருந்த இடைவெளி வர இன்னும் சில வாரம் இருந்தது. தள்ளிப்போட முடியுமா என்று பேச்சு எழுந்தபோது கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். அன்று மாலையே வண்டியை ஓரம்கட்டினார்கள்.

திறந்தபோது

ஆறு லைனரும் மாற்ற வேண்டியவை. டாப் ரிங்குகளின் முனை இடைவெளி எல்லாவற்றிலும் வரம்பைத் தாண்டியிருந்தது. கனெக்டிங் ராட் பேரிங்குகளில் மேல்பூச்சு தேய்ந்து, இரண்டில் செம்புநிறம் எட்டிப்பார்த்தது; பேரிங் ஓட்டில் பொடித்துகள்கள் பதிந்திருந்தன. கிராங்க் ஜர்னல்களில் மெல்லிய கோடுகள் மட்டுமே. மைக்ரோமீட்டரில் அளவு எல்லைக்குள் இருந்ததால் பாலிஷ் போதுமானது, கிரைண்டிங் தேவைப்படவில்லை. ஓரம்கட்டாமல் விட்டிருந்தால் இது மாறியிருக்கும் என்பது திறந்து பார்த்த எல்லோரின் கருத்தும். டர்போவின் கார்ட்ரிட்ஜ் புதிது போட்டார்கள்.

மற்ற வண்டிகள்

இதே தினசரி ஊதல் மற்ற இரண்டு எக்ஸ்கவேட்டர்களிலும் நடந்தது. ஒன்றில் சீல் உதடு தேயத் தொடங்கியிருந்தது. சிலிக்கான் 15, அலுமினியம் 5, இரும்பு 34. எலிமென்ட் மாற்றிய பின் அடுத்த சாம்பிளில் சிலிக்கான் 7-க்கு இறங்கியது. அந்த இன்ஜினைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு வீல் லோடரில் சிலிக்கான் 40. பார்த்ததும் பதறினார்கள். அலுமினியம் 2, இரும்பு வழக்கம் போல. சமீபத்தில் ஆயில் பேனைக் கழற்றிப் பேஸ்ட் போட்டிருந்தார்கள். இங்கே மெக்கானிக்கின் பேஸ்ட் விளக்கம் அப்படியே பொருந்தியது. அடுத்த மாற்றத்தில் பாதிக்கும் கீழே வந்தது.

மாற்றிய நடைமுறைகள்

தினசரி ஊதும் விதி நீக்கப்பட்டது. இண்டிகேட்டர் சிவப்பு காட்டினாலோ கையேட்டு மணி வந்தாலோ மட்டுமே பெட்டி திறக்கும்; திறந்தால் புது எலிமென்ட், ஊதல் கிடையாது. மூடியில் பெயின்ட் கோடு போட்டு, திறந்த தேதியையும் மணியையும் எழுதுகிறார்கள். ஹெல்பர் இப்போது காலையில் பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் வால்வைப் பிழிந்து தூசியைக் கொட்டுகிறார், அது கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். பார்வைக்குச் சின்ன வேலை. பெட்டியைத் திறக்காமல் செய்யக்கூடிய நல்ல வேலையும் அதுதான். டிப்பர்கள் ஓடும் பாதையில் தண்ணீர் தெளிப்பதையும் கூட்டினார்கள். ஊதலை நிறுத்திய விதி மாற்றத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு. தூசியில் ஃபில்டரைத் தொடாமல் விடுவது சோம்பேறித்தனம் போலத் தெரிகிறது என்று ஒரு ஆபரேட்டர் வெளிப்படையாகவே சொன்னார்.

சர்வீஸ் அட்டையில் டிக் போடும் பல கட்டங்கள் எண் எழுதும் கட்டங்களாயின: ஐடில் ஆயில் அழுத்தம், டாப்-அப் லிட்டர், இண்டிகேட்டர் நிலை. ஸ்டோர் பதிவேடு வண்டிவாரியாக மாறியது. சாம்பிள் முடிவுகள் 100 மணிக்கு எவ்வளவு என்று வகுக்கப்பட்டு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே தாளில் ஏறுகின்றன.

மறுபடி செய்தால்

கட்டுப்பாட்டோடு ஓட்டிய முடிவு பாதி சரி என்பது எங்கள் மதிப்பீடு. நிபந்தனைத் தாள் கிராங்க்கைக் காப்பாற்றியது. ஆனால் 6,050-லேயே கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வகத்தின் உலோக அளவீடு சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. பேரிங் பொடியின் பெரிய செதில்கள் ஃபில்டரில்தான் தங்கும். 6,550-ல் வெட்டிய ஃபில்டரின் மடிப்புகளில் அவை மினுமினுத்தன. 6,300-ல் கழற்றியதைத் தேடியபோது கழிவுக்குப் போய்விட்டிருந்தது. இப்போது எல்லா வண்டிகளிலும் ஃபில்டர் வெட்டும் வேலை 500 மணி சர்வீஸில் சேர்ந்துவிட்டது.

ஓவர்ஹாலுக்குப் பின் வந்த முதல் சாம்பிளில் இரும்பு 70-ஐத் தாண்டியது. புது ரிங்குகள் படியும் காலத்தில் இது எதிர்பார்த்ததே. அதைத் தாளில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, மூன்றாவது சாம்பிளில் வந்த எண்களை வைத்து இந்த இன்ஜினுக்கு இனி ஒப்பிட வேண்டிய புது அடிப்படை அளவைக் குறித்திருக்கிறார்கள்.